முகமூடி போட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறினால்

நள்ளிரவு. கொலை நடந்த வீட்டின் கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே குதிக்கிறார். தோளிலிருந்து தொங்கும் அங்கி தரையைப் பெருக்குகிறது. பிணத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கம்பளத்திலிருந்து ஒற்றை இழையைக் கிள்ளி எடுத்து இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொள்கிறார். போலீஸ் கதவைத் திறக்கும்போது ஆள் இல்லை. இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால் குகைக்குள் ஓர் ஆய்வகம், நுண்ணோக்கி, குடுவைகள். கொலையாளி யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பேட்மேன் கதைகளைப் படித்தவர்களுக்கு இது நன்றாகப் பழகிய காட்சி. இதையே தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் காட்டினால் தலையில் கையை வைத்துக்கொள்வார். தரையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளில் எது கொலைகாரன் உடைத்தது, எது நம் ஆள் உடைத்தது? அந்த அங்கி இதற்கு முன் போன இடங்களிலிருந்து எத்தனை இழைகளையும் முடிகளையும் இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கும்? கிள்ளி எடுத்த இழை கம்பளத்தில் எந்த இடத்தில் கிடந்தது என்று யார் குறித்துவைத்தார்கள்?

சூப்பர்ஹீரோ கதையில் தர்க்கம் தேடுவது வேலையற்ற வேலை என்பீர்கள். சரிதான், பறக்கிறவரிடம் இறக்கை எங்கே என்று கேட்கக் கூடாது. ஆனால் துப்பறியும் சூப்பர்ஹீரோவின் விஷயம் கொஞ்சம் வேறு. அவருடைய சக்தி வேற்றுக் கிரகத்திலிருந்து வந்ததல்ல. நீதிமன்றங்களில் தினமும் புழங்கும் ஓர் அறிவியல்தான் அது. அவர் பிறந்தபோது அந்த அறிவியலும் ஏறக்குறைய அவரைப் போலத்தான் இருந்தது. அப்புறம் இருவரும் வேறு வேறு வழியில் போய்விட்டார்கள்.

ஆய்வகத்தோடு பிறந்தவர்

பேட்மேன் முதன்முதலில் தோன்றியது 'டிடெக்டிவ் காமிக்ஸ்' இதழின் 27ஆவது எண்ணில், அட்டைத் தேதிப்படி 1939 மே மாதம். 'டிடெக்டிவ்' என்பது வெறும் அலங்காரமில்லை, டி.சி. என்ற நிறுவனப் பெயரே அந்த இதழின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததுதான். அதே வருடம் 33ஆவது இதழில் அவருடைய பின்கதை இரண்டு பக்கத்தில் சொல்லப்படுகிறது. பெற்றோர் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். சிறுவன் சபதம் எடுக்கிறான். வளர்ந்ததும் முதலில் கைதேர்ந்த விஞ்ஞானி ஆகிறான். எடை தூக்குவது அதற்கு அடுத்த படத்தில்தான் வருகிறது. சோதனைக் குழாய் முன்னால், தசை பின்னால். இந்த வரிசை எனக்கு எப்போதும் பிடித்த ஒன்று.

அந்த வரிசைக்குக் காரணம் அந்தக் காலம். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஒரு கார் கொட்டகையில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்களில் சிலர் போலீஸ் சீருடையில் வந்திருந்ததால் சந்தேகம் போலீஸ் மீதே விழுந்தது. கால்வின் கோடார்ட் என்ற துப்பாக்கி நிபுணர் வரவழைக்கப்பட்டார். இரண்டு தோட்டாக்களை ஒரே பார்வையில் அருகருகே வைத்துப் பார்க்க உதவும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில், போலீஸ் துப்பாக்கிகளிலிருந்து சுட்ட தோட்டாக்களையும் கொட்டகையில் கிடைத்தவற்றையும் ஒப்பிட்டார். பொருந்தவில்லை. அதே வருடக் கடைசியில் ஒரு ரவுடியின் வீட்டில் பிடிபட்ட இரண்டு தாம்சன் துப்பாக்கிகளுடன் பொருந்தின. இந்த வழக்கின் விசாரணை ஜூரியில் இருந்த செல்வந்தர்கள் பணம் போட, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு குற்றவியல் ஆய்வகம் எழுந்தது. பணக்காரர் காசில் குற்ற ஆய்வகம்! பேட்மேனின் முகமூடிக்குள் இருக்கும் பணக்காரர் புரூஸ் வேய்ன் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே நிஜத்தில் அது நடந்துவிட்டது.

1932இல் எஃப்.பி.ஐ. தன் ஆய்வகத்தைத் திறந்தது. அதே வருடம் விமானி லிண்ட்பர்கின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்டது. மாடி ஜன்னலுக்குக் கீழே கடத்தியவன் விட்டுப்போனது கையால் செய்த ஒரு மர ஏணி. அரசின் மர ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆர்தர் கோலர் அந்த ஏணியைப் பிரித்து, ஒவ்வொரு கட்டையிலும் இழைப்பு இயந்திரத்தின் கத்தி விட்ட நுண்ணிய பள்ளங்களை அளந்தார். எந்த இடைவெளியில் அந்தப் பள்ளம் வருகிறது என்பதை வைத்து இயந்திரத்தின் தன்மையைக் கணித்தார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மர ஆலைகளுக்குக் கடிதம் போட்டு, தெற்குக் கரோலைனாவில் ஒரு ஆலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சரக்கு போன மரக்கடைகளை ஒவ்வொன்றாகத் துரத்தி, கடைசியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கடையில் போய் நின்றார். 1934இல் வேறு துப்பில் பிடிபட்ட ஆசாமி வசித்தது அதே பிராங்க்ஸில். ஏணியின் ஒரு கட்டை அவன் வீட்டுப் பரணில் பிடுங்கப்பட்டிருந்த பலகையோடு பொருந்தியது. 1935இல் கோலர் சாட்சி சொன்னபோது நாடே பத்திரிகையில் படித்தது.

இந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் நான்கு வருடம் கழித்து பேட்மேனை வரைந்தது. ஒற்றை மனிதன், ஒற்றை நுண்ணோக்கி, அசைக்க முடியாத விடை. அன்றைய தடயவியல் மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இந்த ஒற்றை மேதை இன்னும் பழையவர் என்பதையும் சொல்ல வேண்டும். 1887இல் வெளிவந்த முதல் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் நமக்கு அறிமுகமாவதே ஒரு வேதியியல் கூடத்தில். ரத்தத்தை மட்டும் காட்டிக்கொடுக்கும் திரவம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளுகிறார். நிஜ உலகம் அதற்கு அருகில் வர ஐம்பது வருடம் ஆயிற்று. 1937இல் வால்டர் ஷ்பெக்ட் என்ற ஜெர்மானியர், லூமினால் என்ற பொருளைத் தெளித்தால் ரத்தக்கறை இருட்டில் நீலமாக ஒளிரும் என்று காட்டினார். ரத்தத்தில் உள்ள இரும்பு அந்த வேதிவினையைத் தூண்டிவிடுகிறது. ஆனால் ஹோம்ஸ் கனவு கண்ட 'மட்டும்' இதில் கிடையாது. வெளுக்கும் பிளீச் திரவம், செம்பு, சில காய்கறிச் சாறு என்று பலவற்றுக்கும் லூமினால் ஒளிரும். 'இங்கே ரத்தம் இருக்கலாம், மேலும் சோதித்துப் பார்' என்பதுதான் அந்த நீல ஒளியின் பொருள். காமிக்ஸில் அது 'இங்கேதான் கொலை நடந்தது' என்று மாறிவிடுகிறது.

இன்னொரு பழைய கணக்கும் இங்கே தீர்க்கப்பட வேண்டியிருக்கிறது. பேட்மேனைப் படைத்தவர் என்று பல பத்தாண்டுகள் அச்சான பெயர் பாப் கேன் மட்டுமே. கதை, தோற்றம், பின்னணி என்று பாதிக்கும் மேல் உழைத்த பில் ஃபிங்கருக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் கிடைத்தது 2015இல், 76 வருடம் கழித்து. கைரேகைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் அமைந்தபோது, ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கியவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்திய உதவியாளர்கள். உலகம் அதை இன்றும் மேலதிகாரி ஹென்றியின் பெயரால்தான் அழைக்கிறது. ஃபிங்கர் என்ற பெயருக்கு இந்த விதி பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தொட்டால் ஒட்டும்

1910இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில், நீதிமன்றக் கட்டடத்தின் பரணில் இரண்டு அறைகளை வாங்கிக்கொண்டு எட்மண்ட் லொகார் ஒரு போலீஸ் ஆய்வகம் தொடங்கினார். இரண்டு பொருள்கள் உரசினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது போகும் என்பது அவர் பெயரால் வழங்கும் கொள்கை. குற்றவாளி எதையாவது விட்டுப்போவான், எதையாவது எடுத்தும் போவான்.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் குற்றவாளியைத்தான் நினைக்கிறோம். ஆனால் இந்த விதிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. துப்பறிகிறவரும் உரசுகிறார், விட்டுப்போகிறார், எடுத்துப்போகிறார். அதனால்தான் சம்பவ இடத்துக்குள் போகிறவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உறை, இரண்டு அடுக்குக் கையுறை, முகக்கவசம் என்று விண்வெளி வீரர் மாதிரி நிற்கிறார்கள். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று வாசலில் ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். கைப்பற்றிய பொருள் உறையில் போய், சீல் வைக்கப்பட்டு, கையெழுத்தாகி, கை மாறும்போதெல்லாம் இன்னொரு கையெழுத்து ஏறும். முன்னாள் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீது 1995இல் நடந்த வழக்கில் ஒரு துப்பறியும் அதிகாரி சிம்ப்சனின் ரத்தக் குப்பியை உடனே பதிவுசெய்து ஒப்படைக்காமல், தன்னோடு எடுத்துக்கொண்டு சிம்ப்சன் வீட்டுக்கே போனார். அந்தச் சில மணிநேரத்தை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் நாள்கணக்கில் விளையாடினார்கள். இடுப்புப் பட்டைக்குள் இழையைச் செருகிக்கொண்டு குகைக்குப் போகிறவரை அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

பேட்மேனின் முதல் கதை இந்தச் சிக்கலை எளிதாகத் தாண்டிவிடும். ரசாயன நிறுவனப் பங்குதாரர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்ததும் பேட்மேன் ஒரு குத்து விட, ஆள் தடுப்பை உடைத்துக்கொண்டு அமிலத் தொட்டியில் விழுந்து கரைந்துபோகிறான். குற்றப்பத்திரிகை இல்லை, வாய்தா இல்லை. சாட்சியம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியே எழவில்லை.

செங்கல்லில் புதைந்த தோட்டா

திரைக்கு வந்த பிறகு அறிவியலும் கொஞ்சம் ஊதிப் பெருத்தது. 2008இல் வந்த பேட்மேன் படத்தில், சுவரில் பாய்ந்து நொறுங்கிய தோட்டாவை செங்கல்லோடு பெயர்த்து எடுத்துவருகிறார். அதே மாதிரி செங்கற்களில் வேறு வேறு தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, நொறுங்கிய துண்டுகளைக் கணினியில் ஒட்டவைத்து, அதன் மேல் இருந்த கட்டைவிரல் ரேகையை மீட்டுவிடுகிறார். திரையரங்கில் கைதட்டல் கிடைத்த இடம்.

நடக்காது. தோட்டா என்பது உறையின் நுனியில் செருகியிருக்கும் ஈயமோ உலோகமோ. சுடும்போது அது குழலின் உட்சுவரை இறுக்கி உரசிக்கொண்டு, கொதிக்கும் வாயு பின்னாலிருந்து தள்ள, சுழன்றபடி வெளியேறும். அந்த உரசலில்தான் குழலின் வரிகள் அதன் மேல் பதிகின்றன. கோடார்ட் ஒப்பிட்டது அவற்றைத்தான். வியர்வையால் ஆன ரேகை அதில் பிழைப்பது கடினம், அப்புறம் செங்கல் வேறு இருக்கிறது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதே 2008இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் போலீஸில் பணியாற்றிய ஜான் பாண்ட் என்ற விஞ்ஞானி, இதற்குப் பக்கத்து வீட்டு வேலை ஒன்றைச் செய்து காட்டினார். தோட்டாவில் அல்ல, சுட்ட பிறகு கீழே விழும் பித்தளை உறையில். துப்பாக்கியில் நிரப்பும்போது விரல் அழுத்துவது பெரும்பாலும் உறையைத்தான். வியர்வையில் உள்ள உப்பு பித்தளையை மிக லேசாக அரிக்கிறது. சுடும்போது வியர்வை ஆவியாகிவிட்டாலும், துணியால் துடைத்தாலும், அரித்த தடம் உலோகத்தில் இருக்கிறது. அந்த உறைக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்து, நுண்ணிய கரித்தூள் பூசிய மணிகளை மேலே உருட்டினால், அரிப்பு உள்ள இடத்தில் கரி ஒட்டி ரேகை எழும்பும். எல்லா உறையிலும் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தின் கணினி விளையாட்டைவிட வியர்வை உலோகத்தைத் தின்னும் இந்தக் கதை எனக்கு அழகாகப் படுகிறது.

தெரிந்தே பார்ப்பவர்

சம்பவ இடத்தை மிதித்துக் கெடுப்பதையாவது பயிற்சி கொடுத்துத் திருத்திவிடலாம். பெரிய சிக்கல் மண்டைக்குள் இருக்கிறது.

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிப்பொருள் இருந்த ஒரு பையில் கிடைத்த கைரேகையை எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடி, அமெரிக்காவின் ஆரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்றது. மூன்று நிபுணர்கள் ஒத்துக்கொண்டார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் ஒத்துக்கொண்டார். ஸ்பெயின் போலீஸ் மட்டும் இல்லை என்றது. கடைசியில் ரேகை ஒரு அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். வழக்கறிஞர் அதற்குள் இரண்டு வாரம் காவலில் இருந்துவிட்டார்.

இதை வைத்து இட்டியல் ட்ரோர் என்ற உளவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். அனுபவமிக்க ஐந்து கைரேகை நிபுணர்களிடம் ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்து, 'மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தினார்களே, அது இதுதான். உங்கள் கருத்து என்ன?' என்று கேட்கச் செய்தார். உண்மையில் கொடுத்தது, அந்தந்த நிபுணரே பல வருடம் முன்பு 'பொருந்துகிறது' என்று சான்று சொல்லியிருந்த ரேகை ஜோடி. ஐவரில் ஒருவர்தான் தன் பழைய முடிவில் நின்றார். மூவர் 'பொருந்தவில்லை' என்றார்கள், ஒருவர் 'சொல்ல இயலாது' என்றார். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த கதைதான் மாறியது.

அதனால் இன்றைய ஆய்வகங்களில் நல்லவை ஒரு பழக்கத்தைக் கொண்டுவர முயல்கின்றன. ஆய்வாளருக்கு வழக்கின் கதையைச் சொல்லாதே. முதலில் சம்பவ இடத்துத் தடயத்தை மட்டும் கொடு. அவர் அதில் கண்டதை எழுதி முடித்த பிறகு சந்தேக நபரின் மாதிரியைக் கொடு. இந்த முறைக்கு வைத்த பெயரின் நேர்ப்பொருள் 'படிப்படியாக முகமூடி அகற்றுதல்'. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் பெயர் அதுதான்.

இப்போது பேட்மேனை எண்ணிப் பாருங்கள். பிணத்தை முதலில் பார்ப்பவர் அவர். சந்தேக நபரோடு போன வாரம் மல்லுக்கட்டியவர் அவர். தடயத்தை எடுப்பவர், சோதிப்பவர், முடிவு சொல்பவர், பிறகு அந்த முடிவின்படி போய் அடிப்பவர் எல்லாம் அவர். போதாததற்குப் பெற்றோரின் கொலைக்குப் பழி தீர்க்கும் வைராக்கியம் வேறு. தடயவியல் ஆய்வாளருக்கு எதெல்லாம் இருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டால் அது அவருடைய வாழ்க்கைக் குறிப்பாக முடியும்.

அவருடைய இன்னொரு வழக்கமும் இங்கே நினைவுக்கு வருகிறது. தடயம் போதாதபோது ஒருவனைக் கூரை விளிம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு உண்மையைக் கக்கவைப்பது. டி.என்.ஏ. முதன்முதலாகக் கொலை வழக்கொன்றில் நுழைந்தது இதற்கு நேர்மாறான வேலைக்கு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் இரு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையும் அவன்தான் என்று உறுதிப்படுத்த போலீஸ் ஆலெக் ஜெஃப்ரீஸிடம் போனது; பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் முன்பு டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டுபிடித்தவர் அவர். இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்த ஆள் இவன் இல்லை என்றது சோதனை. செய்யாத கொலையை ஒப்புக்கொண்ட பையன் வெளியே வந்தான். சுற்றுவட்டார ஆண்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடம் மாதிரி எடுத்தும் யாரும் சிக்கவில்லை. உண்மையான கொலைகாரன் தன் பெயரில் ரத்தம் கொடுக்கச் சகதொழிலாளி ஒருவரை அனுப்பியிருந்தான். மது விடுதியில் அந்த ஆள் உளறியதைக் கேட்ட ஒருவர் சொல்லித்தான் 1987இல் விஷயம் வெளிப்பட்டது.

முகமூடிக்கும் நீதிமன்றத்துக்கும்

பேட்மேனின் ஊரான கோத்தம் கற்பனை நகரம் என்றாலும் அமெரிக்க நகரம். அங்கே அமெரிக்கச் சட்டம்தான். இந்தப் பகுதியில் ஹீரோவுக்கு எதிர்பாராத ஒரு சலுகையும், அதைவிடப் பெரிய ஒரு பொறியும் இருக்கின்றன.

சலுகை இது. வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து எடுத்த சான்றை நீதிமன்றம் தள்ளிவிடும் என்ற விதி அரசாங்கத்தின் ஆட்களுக்குத்தான். தனி மனிதர் ஒருவர் தாமாகவே எடுத்துவந்து போலீஸிடம் கொடுத்தால் அந்த விதி பொருந்தாது என்று 1921இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, முகமூடி போட்டுக்கொண்டு தானாகச் சுற்றுகிற வரைக்கும் பேட்மேன் போலீஸைவிடச் சௌகரியமான இடத்தில் இருக்கிறார். வீடு புகுந்ததற்கு அவரைச் சிறையில் போடலாம், அது தனி வழக்கு.

பொறி 1942இல் வந்தது. வௌவால் உருவத்தை மேகத்தில் பாய்ச்சும் விளக்கு அந்த வருடம்தான் காமிக்ஸில் முதலில் எரிந்தது. போலீஸ் கமிஷனரே விளக்கைப் போட்டு ஆளைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தால், வருகிறவர் இனி தனி மனிதர் அல்ல, அரசின் கை. அந்த விநாடியே வாரண்ட் விதிகள் எல்லாம் அவர் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கமிஷனர் கார்டன் நல்லெண்ணத்தோடு போட்ட ஒவ்வொரு விளக்கும் ஏதோ ஒரு குற்றவாளிக்கு விடுதலை வாங்கிக் கொடுத்திருக்கும்.

அதையும் தாண்டினால் 2009இன் மெலெண்டெஸ்-டியஸ் தீர்ப்பு காத்திருக்கிறது. ஆய்வக அறிக்கையைக் காகிதமாக மட்டும் நீட்டினால் போதாது. சோதித்தவர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் பெயர் என்ன? எங்கே படித்தீர்கள்? உங்கள் நுண்ணோக்கி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? இதுவரை எத்தனை முறை தவறியிருக்கிறீர்கள்? முதல் கேள்வியிலேயே பேட்மேன் நின்றுவிடுவார். கடைசிக் கேள்வியில் நிஜ நிபுணர்களும் திணறியிருக்கிறார்கள். அதே 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழு வெளியிட்ட அறிக்கை, டி.என்.ஏ. ஒன்றைத் தவிர வேறு எந்தத் தடயவியல் முறையும் ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு உறுதியாக இணைக்க வல்லது என்று முறையாக நிரூபிக்கப்படவில்லை என்றது. 2015இல் எஃப்.பி.ஐ. தன் பழைய முடி ஒப்பீட்டுச் சாட்சியங்களைத் திரும்பப் படித்துப் பார்த்து, அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் தவறான கூற்றுகள் இருந்ததாக ஒப்புக்கொண்டது. ஒற்றை முடியை நுண்ணோக்கியில் வைத்து 'இது அவனுடையதுதான்' என்று சொல்லும் காட்சி காமிக்ஸில் மட்டும் இல்லை என்று தெரிகிறது.

புதிய அறிவியலை எப்போது நீதிமன்றத்துக்குள் விடுவது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது 1923இன் ஃப்ரை தீர்ப்பு. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையில் தாம் உண்மை பேசுவதாகத் தெரிந்ததைச் சான்றாக ஏற்கக் கேட்டார். துறையில் உள்ளவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளாத முறைக்கு இங்கே இடமில்லை என்றது நீதிமன்றம். அந்தச் சோதனையை உருவாக்கி வாசலில் நிறுத்தப்பட்டவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர். 1941இல் அவர் ஒரு காமிக்ஸ் நாயகியைப் படைத்தார்: வொண்டர் வுமன். அவள் கையில் இருக்கும் தங்கக் கயிற்றால் கட்டப்பட்டவர்கள் அவள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும், உண்மையைக் கக்கியே ஆக வேண்டும். நீதிமன்றத்தில் தோற்ற கருவியை அவர் கயிறாக்கிவிட்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. அங்கே மேல்முறையீடு கிடையாது.

வேகமாக ஓடுகிறவரும் காத்திருக்க வேண்டிய இடம்

சூப்பர்ஹீரோக்களில் தடயவியலைச் சம்பளத்துக்குச் செய்பவர் ஒருவர் இருக்கிறார். 1956இல் அறிமுகமான ஃப்ளாஷ், அதாவது பேரி ஆலன், போலீஸ் ஆய்வக விஞ்ஞானி. எங்கும் தாமதமாகப் போய் நிற்கிற மனிதர். மின்னல் தாக்கி ஆய்வகத்து ரசாயனங்கள் மேலே கொட்ட, உலகிலேயே வேகமானவர் ஆகிறார். பிற்காலக் கதைகளில் அவருக்கும் கொலையுண்ட தாய், சிறையில் நிரபராதித் தந்தை, அதற்காகவே படித்த தடயவியல் என்று ஒரு பின்கதை சேர்ந்துவிட்டது. தாயின் வழக்குக் கோப்பை அவர் தொடவே கூடாது என்பதை இனி சொல்ல வேண்டியதில்லை.

இவருடைய வேகம் ஆய்வகத்தில் எதற்கு உதவும்? மாதிரிகளை அடுக்கலாம், பதிவேட்டை எழுதலாம். ஆனால் டி.என்.ஏ. வேலையின் நடுவில் இருப்பது பி.சி.ஆர்.; ஒரு சிட்டிகை மரபுப் பொருளைப் பெருக்கும் இயந்திரம். ஏறக்குறைய 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும், 60 டிகிரி வாக்கில் இறக்கினால் தொடக்கத் துண்டுகள் ஒட்டும், 72இல் நொதி புதிய இழையைக் கட்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 28 சுற்று ஓடினால் ஒன்று, கணக்குப்படி, 26 கோடியே 84 லட்சம். நொதி தன் வேகத்தில்தான் கட்டும். ஒளிவேகத்தில் ஓடுகிறவரும் அந்தப் பெட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் ஃப்ளாஷ் வேகத்தில் ஒருவர் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நிஜத்திலேயே விடை இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலப் போதைப்பொருள் ஆய்வகத்தில் ஒரு வேதியியலாளர் மற்றவர்களைவிடப் பல மடங்கு மாதிரிகளைச் சோதித்து முடித்துக்கொண்டிருந்தார். சகாக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சூப்பர்வுமன்'. 2012இல் குட்டு உடைந்தது. பல மாதிரிகளைச் சோதிக்காமலே, கண்ணால் பார்த்துப் போதைப்பொருள் என்று எழுதியிருந்தார். அவருக்குச் சிறை, 2017இல் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி. ஒரு மனிதரின் வேகத்தைப் பார்த்துச் சந்தேகப்படாமல் வியந்துகொண்டே இருந்ததற்கு ஒரு மாநிலம் கொடுத்த விலை இது.

எல்லா இடத்திலும் இருந்த பெண்

கடைசியாக ஒரு வில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காமிக்ஸ் எழுத்தாளர் எவரும் இதைவிட நன்றாக யோசித்திருக்க முடியாது.

2007இல் ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரத்தில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டி.என்.ஏ. பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையது. அதே பெண்ணின் டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று ஏறக்குறைய நாற்பது சம்பவ இடங்களில் இருந்தது: கொலை, கொள்ளை, அற்பத் திருட்டு. எந்தக் கேமராவிலும் விழவில்லை, யாரும் பார்த்ததில்லை. பத்திரிகைகள் முகமற்ற பெண் என்றன. தலைக்கு மூன்று லட்சம் யூரோ வைக்கப்பட்டது. 2009இல், எரிந்துபோன ஓர் ஆணை அடையாளம் காண, அவர் முன்பு கொடுத்த விண்ணப்பத்திலிருந்த கைரேகையைச் சோதித்தார்கள். அதிலும் அந்தப் பெண்ணின் டி.என்.ஏ.! அப்போதுதான் ஒருவர் கையிலிருந்த பஞ்சுக்குச்சியைத் திரும்பிப் பார்த்தார். மாதிரி எடுக்கும் அந்தக் குச்சிகளைத் தயாரித்த ஆலையில் வேலை பார்த்த பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் கிருமிநீக்கம் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வை அழிக்காது. போலீஸைக் கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்பது 2011இல்தான் தெரிந்தது.

இதற்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. தடயம் எடுக்கும் பொருள்களில் மனித டி.என்.ஏ. கலக்காமல் தயாரிப்பதற்கு 2016இல் ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை வந்தது. அதோடு, சம்பவ இடத்துக்குள் கால் வைக்கும் போலீஸ்காரர், மருத்துவர், ஆய்வாளர் ஆகியோரின் டி.என்.ஏ.வையும் வாங்கி ஒரு தனிப் பட்டியலில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியது. தடயத்தில் ஏதாவது கிடைத்தால் முதலில் நம் ஆளுடையதா என்று பார்த்துக் கழித்துவிடத்தான்.

கோத்தம் போலீஸ் இந்தப் பட்டியலைப் போட ஆரம்பித்தால் முதல் மாதிரி அங்கி போட்டவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் நான்கு தேய்ப்பு, அவ்வளவுதான். முகமூடியைக் கழற்றச் சொல்லவும் தேவையில்லை. பேட்மேனின் முகமூடி மூக்கோடு நின்றுவிடும். வாய் எப்போதும் திறந்துதான் இருக்கிறது. எண்பது வருடமாகப் பிணங்களுக்கு மேல் குனிந்து அவர் பேசியதெல்லாம் அந்த வாயால்தான்.